ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைத் தொட்டால் ஷாக்: டிஸ்ட்ரிப்யூட்டர் வண்டியில் எப்படி வேலை செய்வது?

கேள்வி கேட்டவர்: ஈரோட்டு எண்ணூறு

வண்டி கார்புரேட்டர் மாருதி 800. மூன்று சிலிண்டர், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்து அனுப்பும் பாகம்) சி.பி. பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் கான்டாக்ட்). ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) மிஸ் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிடுகிறது; ஈரமான காலை நேரத்தில் அதிகம். எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிளக் ஒயர் மாற்றி, பாயிண்ட் இடைவெளி வைத்து, டைமிங்கும் (பொறி விழும் நேரம்) சரிபார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கமாக இருக்கிறது. இந்த வண்டியில் ஒயரின் மேல் ரப்பரைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. எனவே:

இந்த ஷாக் உயிருக்கு ஆபத்தா, வலியோடு போகிற விஷயமா? ரப்பர் கையுறை போட்டால் போதுமா? வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டுமா?

மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டைமிங் லைட் இருக்கின்றன.

பதில்: முறுக்குச்சாவி

ஷாக் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் (12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக மாற்றும் சுருள்) 12 வோல்ட் பக்கமான பிரைமரி சுற்றில் மூன்று, நான்கு ஆம்பியர் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தக் கரண்ட் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, பிளக் பக்கமான செகண்டரியில் வோல்டேஜ் ஏறுகிறது. எதுவரை ஏறும் என்பது வழியில் இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. பிளக் நல்ல நிலையில் இருந்தால் ஐடிலில் 10 கிலோவோல்ட்டை ஒட்டியே பொறி தாண்டிவிடும், அதற்குமேல் ஏறாது. ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கினீர்கள் என்றால் பொறிக்குத் தாண்ட இடமில்லை. வோல்டேஜ் காயிலின் உச்சம்வரை போகும். பாயிண்ட் வண்டியில் அது 20 கிலோவோல்ட் பக்கம், எலக்ட்ரானிக் இக்னிஷனில் 30, 40 வரைகூட. அப்போது ஒயரைப் பிடித்திருக்கும் கையும் ஃபெண்டரில் சாய்ந்திருக்கும் தொடையும்தான் அதற்குக் கிடைக்கும் வழி. ஆள் சிக்கவில்லை என்றால் காயிலின் உள் இன்சுலேஷனையோ ரோட்டாரையோ (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் பாகம்) பொத்துக்கொண்டு போகும். ஓடும் இன்ஜினில் ஒயர் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தில் ஆளுக்குக் கெடுதல் ஒரு பக்கம், காயிலுக்குக் கெடுதல் இன்னொரு பக்கம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். உங்கள் மூன்று சிலிண்டர் இன்ஜின் 900 ஆர்பிஎம்மில் ஓடினால் காயில் நிமிடத்துக்கு 1,350 தடவை சுடுகிறது. நொடிக்கு இருபத்திரண்டுக்கு மேல். ஒயரைப் பிடித்த கை ஒரு நொடி தாமதித்தாலும் ஒரு அடியோடு நிற்காது.

உயிருக்கு ஆபத்தா? ஒரு பொறியில் இருக்கும் ஆற்றல் மில்லிஜூல் கணக்குத்தான், பழைய காயிலில் சில பத்து மில்லிஜூல். வீட்டு 230 வோல்ட் போல ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆரோக்கியமான ஆள் இதில் சாவது அரிது. நிஜமான ஆபத்து உதறலில் இருக்கிறது. கை தன்னிச்சையாகப் பின்னால் பறக்கும், பறந்த இடத்தில் ஃபேன் பெல்ட் இருக்கும், ரேடியேட்டர் ஃபேன் இருக்கும், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கும். தலை போய் பானெட்டில் இடிக்கும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும், அது வேறு மாதிரியான விஷயம்.

இனி வேலை முறை. ஒயர் கழற்றுவது, மாட்டுவது, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி திறப்பது, பாயிண்ட் தொடுவது எல்லாமே சாவி ஆஃப் செய்து, சாவியை உருவிப் பையில் போட்ட பிறகுதான். உருவச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் குனிந்திருக்கும்போது வேறு யாராவது "செல்ஃப் அடிச்சுப் பாக்கட்டுமா" என்று உட்காரக்கூடும். பிளக் கேப்பை அரைச் சுற்று இடம் வலமாகத் திருகி, ஒட்டிக்கொண்டிருப்பது விட்ட பிறகு, கேப்பைப் பிடித்தே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த ஷாக்குக்கு நீங்களே விதை போட்டதாகிவிடும்.

இன்ஜினைச் சுற்ற வேண்டும், ஆனால் பொறி வேண்டாம் என்ற வேலைகளும் உண்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் போல. அதற்கு மூடியின் நடுவில் இருந்து வரும் காயில் ஒயரைக் கழற்றி அப்படியே தொங்கவிடாதீர்கள். காயிலின் பிளஸ் முனை ஒயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்குங்கள். பிரைமரியில் கரண்ட் இல்லாவிட்டால் செகண்டரியில் ஒன்றும் இல்லை. அது முடியாத இடத்தில் நடு ஒயரின் முனையை ஒரு ஜம்பர் ஒயரால் இன்ஜின் பிளாக்கில் எர்த் செய்யுங்கள். வர்ணம் அடித்த பிராக்கெட்டில் கிளிப்பை மாட்டினால் எர்த் ஆகாது, சுத்தமான இரும்பு போல்ட்டில் மாட்டவும்.

பதில்: கண்டென்சர்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று விடுபட்டிருக்கிறது, பாயிண்ட் வண்டிக்காரர்கள் அடி வாங்குவது பெரும்பாலும் அங்கேதான். இன்ஜின் ஓடாவிட்டாலும் பொறி வரும்.

சாவி ஆனில் இருக்கிறது, பாயிண்ட் மூடிய நிலையில் நிற்கிறது என்று வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்ட்டைத் தள்ளித் திறந்தால் அந்த ஒரு திறப்புக்கே காயில் முழுப் பொறி விடும். இடது கையில் நடு ஒயர் இருந்தால் முடிந்தது. பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியை ஆஃப் செய்தாலும் அதே கதைதான், கரண்ட் அறுவதால் ஒரு பொறி வரும். அதனால் ஆஃப் செய்யும் நேரத்திலும் கை ஒயரில் இருக்கக் கூடாது. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டரில் சாவி ஆனில் வைத்து அதன் உடலைக் கையால் திருப்பினாலே பிக்கப் (பாயிண்ட்டுக்குப் பதிலாக உள்ள சென்சார்) உணர்ந்து சுட்டுவிடலாம்.

இன்னொன்று. காயிலின் மைனஸ் முனை, அதிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், கண்டென்சர் ஒயர், இதெல்லாம் "12 வோல்ட் பக்கம்தானே" என்று வெறும் விரலால் தொடுவார்கள். பாயிண்ட் திறக்கும்போது பிரைமரியிலேயே 200 முதல் 400 வோல்ட்வரை எதிர்த்து எகிறும். ஓடும் வண்டியில் அந்த முனையும் கடிக்கும். மல்டிமீட்டர் முள்ளை அங்கே வைத்து வோல்டேஜ் பார்க்க வேண்டாம், மலிவு மீட்டர் தாங்காது.

பேட்டரி விஷயம். பிளக், ஒயர், மூடி மட்டும் என்றால் கழற்றத் தேவையில்லை, சாவி ஆஃப் போதும். ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர் பக்கம் ஸ்பேனர் போகிறது என்றால் மைனஸைக் கழற்றுங்கள். அது ஷாக்குக்காக அல்ல, ஷார்ட்டுக்காக. கையில் இருக்கும் மோதிரமும் உலோகப் பட்டை வாட்சும் ஸ்பேனரோடு சேர்ந்து பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் 12 வோல்ட்டே விரலைச் சுடும். எந்த வேலையானாலும் அவற்றைக் கழற்றி வையுங்கள்.

பதில்: தாராபுரம் டாக்ஸி

இவ்வளவு எதற்கு? ரப்பர் செருப்பு போட்டு, பிளாஸ்டிக் பிடி உள்ள பிளையரால் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது.

பதில்: முறுக்குச்சாவி

செருப்பு காலுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது. இந்தக் கரண்ட் தரையைத் தேடவில்லை, இன்ஜின் பிளாக்கைத் தேடுகிறது. காயிலின் மறு முனை அங்கேதான் போய்ச் சேருகிறது. உங்கள் முழங்கை ஃபெண்டரைத் தொட்டால் சுற்று முடிந்துவிடும், செருப்புக்கு அதில் வேலையே இல்லை. பிளையர் பிடியின் மேல் உறை வழுக்காமல் பிடிக்கத்தான், பெரும்பாலானவற்றுக்கு இன்சுலேஷன் மதிப்பே கிடையாது.

கேள்வி கேட்டவர்: ஈரோட்டு எண்ணூறு

நன்றி. அப்படியானால் எலக்ட்ரீஷியன் போடும் 1000 வோல்ட் கையுறை வாங்கலாமா? எந்த சிலிண்டர் என்று பிடுங்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மின்காப்பு

1000 வோல்ட் கையுறை என்பது மின்காப்புக் கையுறை வரிசையில் கிளாஸ் 0. இருபதாயிரம் வோல்ட்டுக்கு அதை நம்பக் கூடாது. கிளாஸ் 3 என்றால் 26,500 வோல்ட், கிளாஸ் 4 என்றால் 36,000 வோல்ட். அவை தடித்தவை, மேலே தோல் உறையும் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பிளக் கேப்பைப் பிடிக்க விரல் மடங்காது. இன்சுலேஷன் ஸ்க்ரூ டிரைவரில் 1000 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதும் இதே கதை. பாத்திரம் தேய்க்கும் கையுறைக்கு எந்தக் கணக்கும் இல்லை, ஊசித்துளை ஒன்று போதும். காற்றிலேயே பொறி மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் என்ற கணக்கில் தாண்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள். வியர்வைக் கையுறை அதைவிட மோசம். எனவே கையுறையை நம்பி உயிர் ஒயரைத் தொடும் திட்டத்தையே விடுங்கள்.

செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க இரண்டு வழி.

ஒன்று, தொடாமலே. வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மூன்று கிளைகளையும் ஹெட்டில் இருந்து ஒரே தூரத்தில் குறிபாருங்கள். எரியாத சிலிண்டரின் கிளை தெளிவாகக் குளிர்ந்து நிற்கும். சூடேறிய வண்டியில் இது வேலைக்கு ஆகாது, பக்கத்துக் கிளையின் சூடு பரவிவிடும்.

இரண்டு, பொறிக்கு வேறு வழி கொடுத்துவிட்டு. கிளிப் வைத்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. இன்ஜினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் பிளக் கேப்பைக் கழற்றி, டெஸ்டரை அதில் சொருகி, கிளிப்பைப் பிளாக்கின் போல்ட்டில் மாட்டி, கையை வெளியே எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பொறி டெஸ்டரில் தாண்டும், சிலிண்டரில் எரியாது. ஐடில் விழுகிறதா என்று கேளுங்கள். நிறுத்துங்கள், ஒயரைத் திரும்ப மாட்டுங்கள், அடுத்த சிலிண்டர். எந்த சிலிண்டரைத் துண்டிக்கும்போது ஐடில் விழவில்லையோ அதுதான் செத்தது. பொறி எர்த்துக்குப் போய்க்கொண்டே இருப்பதால் காயிலுக்கும் பாதிப்பு இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் ஒவ்வொரு தடவையும் சில நொடிகளோடு நிறுத்திவிடுங்கள், எரியாத பெட்ரோல் உள்ளே போய் கன்வெர்ட்டரைச் சூடாக்கும்.

பிளக்கைக் கழற்றி, பிளாக்கில் சாய்த்து வைத்து, செல்ஃப் அடித்துப் பொறி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளக் ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி பீச்சியடிக்கும். பொறி விடும் பிளக் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் தீ பிடிக்கும். ஓட்டையில் பழைய பிளக் ஒன்றை மாட்டிவிட்டு, சோதனைப் பிளக்கை ஜம்பர் ஒயரோடு தள்ளி வையுங்கள். கையில் பிடித்துக் காட்ட வேண்டாம்.

பதில்: கண்டென்சர்

இப்போது உங்கள் உண்மையான கோளாறுக்கு வருவோம். நல்ல ஒயரின் மேல் ரப்பரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அடிக்கிறது என்றால் அங்கே லீக் இருக்கிறது, உங்கள் மிஸ்ஸிங்கும் பெரும்பாலும் அதே லீக்தான். ஈரக் காலையில் அதிகமாவது பொருந்திப்போகிறது.

வரிசையாகப் பாருங்கள். சாவி ஆஃப், ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரால் அளவிடுங்கள். கார்பன் இழை ஒயர் என்றால் மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ ஓம் வரும். உங்கள் ஒயர்கள் குட்டையானவை, சில கிலோ ஓம்தான் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கில் காட்டினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. அறுந்த ஒயரில் பிளக்குக்குப் போக வேண்டிய வோல்டேஜ் ஏறி உறையைப் பிளந்து வெளியே வரும். அதைத்தான் நீங்கள் தொடுகிறீர்கள். அளக்கும்போது ஒயரை வளைத்து, நெளித்துப் பாருங்கள், சில ஒயர் நேராக இருந்தால் சரியாகக் காட்டும்.

பிளக் இடைவெளி. 0.8 மி.மீ. சுற்றி இருக்க வேண்டியது தேய்ந்து 1.2 ஆகியிருந்தால் தேவைப்படும் வோல்டேஜும் ஏறும், வலுவிழந்த ரப்பர் அதற்குத் தாங்காது. புது ஒயர் போட்டு பழைய பிளக்கை விட்டுவைப்பது அரை வேலை.

மூடியின் உட்புறம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒரு முனையில் இருந்து இன்னொன்றுக்கு மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கும். அது தெரிந்தால் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், மூடியை மாற்றுங்கள். தேய்த்த கோடு திரும்ப வரும். நடுவில் உள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். முக்கியமாக: மூடியைப் பெட்ரோலால் கழுவி உடனே மாட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவியை முதல் பொறியே பற்றவைத்து மூடியை வெடிக்கச் செய்யும். ஈரம் போக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் அதேதான், நன்றாகக் காய்ந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

லீக் எங்கே என்று கண்ணால் பார்க்க, இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிடுங்கள். ஒயரை ஒட்டி நீலமாய் மினுக்கும். அப்போது கையை உள்ளே விடாதீர்கள், இருட்டில் ஃபேனும் தெரியாது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் ஜம்பர் ஒயரின் ஒரு கிளிப், மறு கிளிப் பிளாக்கில். எர்த் கிளிப்பை முதலில் மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு ஸ்டார்ட். பிடியின் கடைக்கோடியில் ஒரு கையால் பிடித்து, முனையை ஒயர் நெடுகிலும் கொண்டுபோனால் ஓட்டை உள்ள இடத்தில் பொறி ஸ்க்ரூ டிரைவருக்குத் தாவும். மறு கை சட்டைப் பையில் இருக்கட்டும், உடம்பு ஃபெண்டரைத் தொடாமல் நில்லுங்கள். எர்த் கிளிப் நழுவினால் அந்த வழி உங்கள் கைக்குள் வரும், அதனால்தான் இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

கடைசியாக எர்த் பட்டை. இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பட்டை துருப்பிடித்திருக்கிறது. கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகவெல்லாம் திரும்ப ஆரம்பிக்கும்.

பதில்: புதுவண்டி

என்னுடையது ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனி காயில் உள்ள வண்டி. ஒயரே இல்லை. இதில் ஆபத்து குறைவுதானே?

பதில்: மின்காப்பு

தொடுவதற்கு ஒயர் இல்லை என்பதுதான் வித்தியாசம், வோல்டேஜ் அதிகம். ஓடும்போது காயிலைப் பாதி தூக்கினால் பொறி ரப்பர் உறையின் வெளிப்பக்கமாக ஹெட்டுக்கோ கைக்கோ தாவும். தூக்கவே கூடாது. செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கையை உள்ளே விடும் தேவையே இல்லை. வண்டியில் சொருகும் ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் (ஃபால்ட் கோட்) பாருங்கள்: பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 இரண்டாவது. சாவி ஆஃப் செய்து, அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி ஓடவிடுங்கள். கோளாறு எண்ணும் கூடவே நகர்ந்தால் காயில் போயிருக்கிறது. நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும்.

காயிலைக் கழற்றும்போது முதலில் கனெக்டர் பூட்டை விடுவித்து, போல்ட்டைக் கழற்றி, திருகி நேராக மேலே இழுங்கள். மாட்டும்போது உறையின் உள் விளிம்பில் மட்டும் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாக. பிளக் கிணற்றில் எண்ணெய் நின்றால் டாப் கவர் சீலை மாற்றாமல் புதுக் காயில் போடாதீர்கள், எண்ணெயில் ஊறிய உறை சீக்கிரம் லீக் ஆகும்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லாக் காயில் கனெக்டர்களையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுங்கள். அதோடு ஒரு எச்சரிக்கை: ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிள் இக்னிஷன் கணக்கில் சேராது. அது நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி., ஆளைக் கொல்லும். செனான் ஹெட்லைட்டின் பேலஸ்ட்டும் (விளக்கைப் பற்றவைக்கும் மின்சுற்று) பற்றவைக்கும்போது இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும், லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள்.

பதில்: அவிநாசி நர்ஸ்

முதல் பதிலில் "ஆரோக்கியமான ஆள்" என்று இருப்பதைக் கவனியுங்கள். பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (உடலுக்குள் வைக்கும் டிஃபிப்ரிலேட்டர்) பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பாகங்களில் இருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது வழக்கமாகக் கொடுக்கப்படும் அறிவுரை. தள்ளி நின்றாலும் பானெட்டுக்குள் குனிந்தால் கருவி இருக்கும் தோள்பக்கம்தான் கிட்டே போகும். அவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விடட்டும்.

ஷாக் அடித்த பிறகு நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியது என்று தெரிந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, 108-ஐ அழைத்து ஈ.சி.ஜி. எடுக்கப் போக வேண்டும். "சும்மா காயில் கரண்ட்தானே" என்று வண்டியோட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: ஈரோட்டு எண்ணூறு

இரண்டாவது சிலிண்டரின் ஒயர் மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. ஒயர் செட், பிளக், மூடி, ரோட்டார் எல்லாம் சேர்த்து மாற்றுகிறேன். கடைசிச் சந்தேகம்: டைமிங் வைக்கும்போது இன்ஜின் ஓடியே ஆக வேண்டும், டிஸ்ட்ரிப்யூட்டரைக் கையால் திருப்பியே ஆக வேண்டும். அப்போது?

பதில்: கண்டென்சர்

முதலில் பாயிண்ட் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னால் போய்விடும், தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை. இடைவெளி வைக்கும்போது சாவி பையில், இன்ஜினை கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுங்கள். பாயிண்ட்டின் குதிகால் கேமின் உச்சியில் வந்த பிறகு ஃபீலர் கேஜ். வண்டிக் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள், பெரும்பாலும் 0.4 மி.மீ. பக்கம் இருக்கும். கேஜின் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.

டைமிங்குக்கு: இன்ஜினை நிறுத்திய நிலையிலேயே லைட்டின் இண்டக்டிவ் கிளாம்பை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டுங்கள், அம்புக்குறி பிளக்கைப் பார்த்து. அதன் கேபிளை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் கட்டிவிடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் போல்ட்டையும் இப்போதே தளர்த்துங்கள், கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும். ஓடும்போது ஸ்பேனரோடு மல்லுக்கட்டக் கூடாது.

ஸ்டார்ட் செய்த பிறகு கை மூடியின் பக்கமோ ஒயர் பக்கமோ போகக் கூடாது. கீழே உள்ள அலுமினிய உடலை மட்டும், உலர்ந்த பருத்தித் துணியை நான்காக மடித்து அதன் வழியாகப் பிடியுங்கள். அந்த உடல் ஏற்கெனவே எர்த்தில் இருப்பதால் மூடி நன்றாக இருக்கும்வரை அங்கே அடிக்காது. புது மூடியை மாட்டிய பிறகு இந்த வேலையைச் செய்வதற்குக் காரணம் அதுதான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திருப்பி, கையை எடுத்து, லைட்டில் டைமிங் குறியைப் பாருங்கள். குறி சரியாக வந்ததும் இன்ஜினை நிறுத்தி, போல்ட்டை இறுக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்து ஒரு தடவை பாருங்கள். இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும், அநேகமாக எல்லா டிஸ்ட்ரிப்யூட்டரிலும் நடப்பதுதான்.